எஞ்சின் 21-க்கு ஒரு கால அட்டவணையும் ஒரு தமிழ்ப் பலகையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டி எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரைக்கும் ஒரு பழைய கரி எஞ்சின் ஒற்றைப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியதை நகரத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். அது ஓடினால் மறுநாள் உங்கள் பேப்பர் உட்பட எல்லாப் பேப்பரிலும் படம் வரும், கீழே 'உலகின் மிகப் பழமையான ரயில் எஞ்சின்' என்று ஒரு வரி வரும், அத்தோடு சரி. அது எங்கே பிறந்தது, யாரை ஏற்றிப் போனது, சென்னைக்கு எப்படி வந்து சேர்ந்தது, அடுத்து எப்போது ஓடும் என்று எதுவும் இருக்காது. நான் பெரம்பூர்க்காரன். அந்த எஞ்சினுக்கு மறுபடி உயிர் வந்தது எங்கள் ஊர் லோகோ ஒர்க்ஸில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் இல்லையென்றால் கடைசியில் நான் கேட்டிருப்பதை மட்டுமாவது போடுங்கள்.

எஞ்சினின் பெயர் 'எக்ஸ்பிரஸ்'. ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனியின் எண் 21, அதனால்தான் பக்கவாட்டில் இ.ஐ.ஆர். 21 என்று இருக்கிறது. கட்டியது 1855-ல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், கிட்சன், தாம்ஸன் அண்ட் ஹெவிட்ஸன் கம்பெனி. இதே கம்பெனி அதே ஆண்டு அதே அளவில் கட்டிக் கொடுத்த அடுத்த எண், 22, 'ஃபேரி குயின்' என்ற பெயரில் உலகப் புகழ் அடைந்துவிட்டது. 1997-ல் டெல்லிக்கும் அல்வாருக்கும் நடுவே சுற்றுலா ரயிலை இழுத்து, 1998-ல் தொடர்ந்து ஓடும் எஞ்சின்களில் மிகப் பழமையானது என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது அதுதான். ஒரு நம்பர் முந்திப் பிறந்த அக்கா நம் ஊரில் இருக்கிறாள், அவளைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஒரு பக்கம் படிக்கக் கிடைப்பது அபூர்வம்.

கிட்சனைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லிவர்பூல் அருங்காட்சியகத்தில் 'லயன்' என்று ஒரு எஞ்சின் இருக்கிறது, 1838-ல் கட்டியது. அதைக் கட்டிய டாட், கிட்சன் அண்ட் லெயர்ட் கம்பெனியில் பங்குதாரராக இருந்த ஜேம்ஸ் கிட்சன்தான் பிற்பாடு நம்முடைய 21-ஐக் கட்டிய கம்பெனியின் முதலாளி. லயன் 1980-ல்கூட சொந்த நீராவியில் ஓடியது, இப்போது நிரந்தரமாக நிற்கிறது. 1831-ல் இங்கிலாந்தில் கட்டி அமெரிக்காவுக்குப் போன 'ஜான் புல்' 1981-ல் தன் 150-வது பிறந்தநாளுக்கு ஒரு முறை ஓடிவிட்டு வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டது. ஆகவே 'உலகின் மிகப் பழமையான எஞ்சின்' என்று பொத்தாம்பொதுவாகப் போடுவது சரியில்லை. ஓட்டி நிறுத்திவிட்ட எஞ்சின்களில் இதைவிட மூத்தவை இருக்கின்றன. இத்தனை வயதிலும் மக்களை ஏற்றிக்கொண்டு பெரிய ரயில் பாதையில் ஓடியது என்பதுதான் 21-ன் பெருமை, அது ஒன்றும் சின்னப் பெருமை இல்லை. கிட்சன் கம்பெனி 5,000-க்கும் மேற்பட்ட எஞ்சின்களைக் கட்டிவிட்டு 1938-ல் மூடப்பட்டுவிட்டது.

லீட்ஸில் கட்டினார்களே தவிர, லீட்ஸின் தண்டவாளத்தில் அந்த எஞ்சின் ஓட முடியாது. அங்கே இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 4 அடி எட்டரை அங்குலம். இந்தியாவுக்கு 5 அடி 6 அங்குலம் வேண்டும் என்று முடிவு செய்தவர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி. பிறகு காசு மிச்சம் பிடிக்க மீட்டர் கேஜ் வந்தது, மலைக்கு இன்னும் குறுகலான பாதைகள் வந்தன, கடைசியில் நாடே சுற்றி வந்து அதே 5 அடி 6 அங்குலத்தில் நின்றுவிட்டது. 1855-ல் கட்டிய சக்கரம் இன்றைக்கு எழும்பூர் பாதையில் அப்படியே பொருந்துவது இதனால்தான். எனக்கு இந்த எஞ்சினின் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது, ஆனால் அது மீட்டர் கேஜ். அந்தப் பாதையை அகலமாக்கிய பிறகுதான், மின்சார ரயிலுக்கு முக்கால் நூற்றாண்டு மூத்த எஞ்சின் ஒன்று அதே கோடம்பாக்கத்துக்குப் போய் வர முடிந்தது.

ஈஸ்ட் இந்தியன் கம்பெனி முதல் ரயிலை ஓட்டியது 1854-ல், ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு. தேதியைப் பாருங்கள், ஆகஸ்ட் 15. நாட்டின் முதல் பயணிகள் ரயிலான பம்பாய் - தாணே ரயிலுக்கு முன்னாலேயே அவர்கள் ஓட்டியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பெட்டிகளை ஏற்றி வந்த கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்தில் மூழ்கிவிட்டது, எஞ்சினை ஏற்றிய கப்பல் வழிமாறி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. கடைசியில் பெட்டிகளைக் கல்கத்தாவில் குதிரை வண்டி கட்டுகிறவர்களை வைத்தே செய்துகொண்டார்கள். அடுத்த பிப்ரவரியில், அதாவது 1855-ல், பாதை ராணிகஞ்ச் வரை நீண்டது, ஏறத்தாழ 195 கிலோமீட்டர். ராணிகஞ்ச் என்றால் நிலக்கரி. அதுவரை அந்தக் கரி தாமோதர் ஆற்றில் மழைக்காலத்துத் தண்ணீரை நம்பிப் படகில் வந்துகொண்டிருந்தது. இந்தப் பாதையில் லேசான மெயில் வண்டிகளை இழுக்க வந்தவைதான் 21-ம் 22-ம்.

'லேசான' என்ற சொல்லுக்குக் காரணம் எஞ்சினின் உடம்பிலேயே இருக்கிறது. முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, இவை நாலடி உயரச் சக்கரங்கள். பாரத்தைத் தாங்குவதோடு அவற்றின் வேலை முடிந்தது. நடுவில் ஆறடி உயரத்தில் ஒரே ஒரு ஜோடிச் சக்கரம், பிஸ்டன் தள்ளுவது அதை மட்டும்தான். ஆள் உயரச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் அஞ்சரை மீட்டருக்கு மேல் வண்டி நகர்ந்துவிடும், அதனால் பிஸ்டன் நிதானமாக அடித்தாலே வேகம் கிடைக்கும். ஆனால் மொத்த இழுவையும் அந்த ஒரு ஜோடி தண்டவாளத்தைப் பிடிப்பதை நம்பி இருக்கிறது. பாரம் கூடினால் சக்கரம் நின்ற இடத்தில் வழுக்கிக்கொண்டு சுற்றும். எஞ்சினின் எடை 26 டன், பலம் 130 குதிரைசக்தி, இன்றைக்கு ஒரு பெரிய காருக்கு இருக்கிற பலம்தான். சென்னை சென்ட்ரலிலிருந்து டெல்லி வண்டியை இழுக்கிற மின்சார எஞ்சினுக்கு 6,000-க்கும் மேல். தண்ணீர் தொட்டி தனி வண்டியில் இல்லை, பாய்லருக்குக் கீழே சட்டத்துக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது, 3,000 லிட்டர் பிடிக்கும், கரி 2 டன். 195 கிலோமீட்டருக்கு அந்தத் தண்ணீர் போதவே போதாது, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்னொன்று, நம் காலத்து நீராவி டிரைவர்களுக்கே வியப்பாக இருக்கும். நின்றுகொண்டிருக்கும்போது பாய்லருக்குள் தண்ணீர் தள்ளுகிற இன்ஜெக்டர் என்ற கருவிக்கு ஃபிரான்ஸில் ஜிஃபார்டு காப்புரிமை வாங்கியதே 1858-ல். 1855-ல் கட்டிய எஞ்சின்களில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றியது எஞ்சினின் ஓட்டத்தில் இயங்குகிற பம்ப். ஓடினால்தான் பம்ப் வேலை செய்யும். ஸ்டேஷனில் அதிக நேரம் நிற்க வேண்டி வந்தால், பாய்லரில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும், ஃபயர்மேன் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார், ஒரு கட்டத்தில் பெட்டிகளைக் கழற்றி விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் முன்னும் பின்னுமாகச் சும்மா ஓட்டித் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் நெருப்புப் பெட்டியின் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே வந்துவிடும், எரிகிற அடுப்பில் காலிப் பாத்திரத்தை வைத்த கதைதான், தகடு வளைந்தால் அப்புறம் பாய்லர் வெடிப்புதான். இப்படிப்பட்ட எஞ்சினை வங்காளத்து மே மாத வெயிலில் ஓட்டிய டிரைவரையும் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேனையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். 1857 மே மாதம் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கல்கத்தாவில் இறங்கிய ஆங்கிலேயப் படைகள் மேற்கே போக வேண்டும், ரயில் ராணிகஞ்ச் வரைக்கும்தான் இருந்தது, அங்கிருந்து மாட்டு வண்டி. அந்த ரயில் பாதையில் வேலை பார்த்தவை இந்த எஞ்சின்கள். 22-ம் எண் எஞ்சின் படைகளை ஏற்றிச் சென்றது என்பது ஃபேரி குயின் வரலாற்றில் எப்போதும் எழுதப்படுகிற செய்தி. 21-க்கும் அதே பாதை, அதே வேலை.

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அப்போது கல்கத்தாவுக்கு முதலில் போய் இறங்கிய படைகளில் ஒன்று மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ், தலைமை கர்னல் நீல். அவருடைய ஆட்களில் ஒரு பகுதி ஆற்றைக் கடந்து ஹவுரா ரயிலுக்கு வந்து சேரத் தாமதமானது. வண்டியைப் பிடித்து வைக்க முடியாது, நேரத்துக்குக் கிளம்பும் என்று ரயில்வேக்காரர்கள் சொன்னார்கள். நீல் ஸ்டேஷன் மாஸ்டரையும் எஞ்சின் ஓட்டுகிறவரையும் கரி போடுகிறவரையும் காவலில் வைத்துவிட்டார், கடைசி ஆள் ஏறிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. அதே நீல்தான் அலகாபாத்தில் மரத்துக்கு மரம் ஆட்களைத் தூக்கில் போட்டவர். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-ல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி நம் ஆட்கள் சத்தியாகிரகம் செய்து சிறைக்குப் போனார்கள், காந்தி ஆதரித்தார். 1937-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது சிலை அகற்றப்பட்டது. இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா, எழும்பூர் அருங்காட்சியகத்தில். எஞ்சின் புறப்படுகிற எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம்.

இதைச் சொல்வது எஞ்சினைக் குறைசொல்ல இல்லை. ஆனால் சுதந்திர தினத்தன்று மூவர்ணம் கட்டி ஓடவிடுகிற எஞ்சின், சுதந்திரத்துக்கான முதல் பெரிய எழுச்சியை அடக்கப் போன படைகளின் பாதையில் ஓடியது என்பதை அதைப் பார்க்க வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீல் சிலையைப் பூட்டி வைத்ததற்கும் எஞ்சினைக் கொடி கட்டி ஓட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அந்த வித்தியாசம் என்னவென்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேசட்டுமே. சிலை ஒரு மனிதனைப் போற்ற வைத்தது. எஞ்சினைக் கட்டியவனும் ஓட்டியவனும் கரி அள்ளியவனும் உழைப்பாளிகள். அதில் படையும் போனது, கடிதமும் போனது, கங்கையில் முழுக்குப் போடப் போன கிராமத்துக் கிழவியும் மூன்றாம் வகுப்பில் போயிருப்பாள். அத்தனையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சரித்திரம்.

பிற்பாடு நடந்தது சட்டென்று சொல்லிவிடலாம். பாதை நீண்டது, வண்டிகள் கனத்தன, ஒற்றை ஜோடிச் சக்கரம் இழுக்கிற எஞ்சினுக்கு மெயில் பாதையில் இடமில்லாமல் போனது. 22 பீகாரில் புதுப் பாதை போடுகிற வேலைக்குப் போனது. இரண்டுமே 1909-ல் ஓய்வு பெற்றன. 22 ஹவுரா ஸ்டேஷன் வாசலில் மேடையில் நின்று, 1943-ல் சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குப் போய், டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இடம் பிடித்தது. நம்முடைய 21 ஜமால்பூர் ஒர்க்ஷாப்பிலும் ஹவுராவிலுமாக 101 வருஷம் காட்சிப் பொருளாக நின்றது. நூறு வருஷ மழை இரும்பை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. துரு அரித்து, பல பாகங்கள் காணாமல் போன நிலையில்தான் பெரம்பூருக்கு வந்தது. 2010-ல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் ஆட்கள் அதை ஓட வைத்தார்கள்.

பெரம்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதன் கனம் புரிய வேண்டும். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856-ல் தொடங்கிய ஒர்க்ஷாப் இது. எங்கள் ஊரில் ஸ்டேஷன் பெயரே லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ். தாத்தா கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, டிரைவராக ரிட்டையர் ஆன வீடுகள் எங்கள் பக்கத்துத் தெருக்களில் எத்தனையோ. ஆனால் வங்காளத்துச் சித்தரஞ்சன் எஞ்சின் தொழிற்சாலையில் கடைசி நீராவி எஞ்சினைக் கட்டி முடித்ததே 1972-ல், அகலப் பாதையில் அன்றாட நீராவி ரயில் நின்றது 1995 டிசம்பரில். 2010-ல் பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் இருந்தவர்களுக்கு அன்றாட வேலை மின்சார எஞ்சின். அவர்கள் தொலைந்த பாகத்துக்கு வரைபடம் போட்டு, வார்ப்பு எடுத்து, கடைந்து, 155 வயது எஞ்சினுக்குள் நீராவி ஏற்றியிருக்கிறார்கள். அடுத்ததாக டெல்லியில் ஃபேரி குயினின் பாகங்கள் 2011-ல் களவு போய் அது ஓட முடியாமல் நின்றபோது, அதைச் சரிசெய்யவும் பெரம்பூருக்குத்தான் அனுப்பினார்கள், 2012 டிசம்பரில் திரும்பவும் ஓடியது. அக்கா தங்கை இரண்டு பேருக்கும் இரண்டாம் பிறவி கொடுத்தது ஒரே ஊர், அந்த ஊரில் இதைச் சொல்ல ஒரு கல்வெட்டாவது கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டாமா?

எழும்பூரில் அது புறப்படுவதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். கூட்டம் முழுக்க புகைபோக்கியையும் விசிலையும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நடுச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிரைவர் நீராவியைத் திறந்துவிடுகிற ரெகுலேட்டரை மெதுவாகத் திறந்ததும் சிலிண்டர் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி சீறியது, சக்கரம் கால் சுற்று வழுக்கியது, தண்டவாளத்தில் 'கிரீச்' என்று ஒரு சத்தம், டிரைவர் உடனே மூடிவிட்டு மறுபடி அரைக்கால் திறந்தார், இந்த முறை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் 'எஞ்சின் ரிப்பேரா சார்' என்று கேட்டான். இல்லைப்பா, ஒரு ஜோடிச் சக்கரம் வைத்துக் கட்டின எந்த எஞ்சினும் அப்படித்தான் கிளம்பும், அதைக் கையால் உணர்ந்து ஓட்டுவதுதான் வித்தை என்றேன். எழுதிப் படித்து வராது அந்தக் கை. ஓட்டினால்தான் வரும், ஒருவர் ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று இன்னொருவர் பார்த்தால்தான் அடுத்த ஆளுக்குப் போகும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பழைய பொருளை ஓட்டலாமா, தேய்ந்துபோகாதா, அருங்காட்சியகத்தில் வைப்பதுதானே மரியாதை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஸ்டீபன்ஸனின் 1829-ம் வருஷத்து 'ராக்கெட்' எஞ்சினை யாரும் ஓட்டுவதில்லை. அதன் ஒவ்வொரு கீறலும் ஆதாரம் என்று அப்படியே வைத்திருக்கிறார்கள், ஓட்டுவதற்கு 1979-ல் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அது சரியான முடிவு. லயனை நிறுத்தியதும் சரிதான். ஆனால் நம்மிடம் இருப்பது இரண்டு. ஒரே ஆண்டு, ஒரே கம்பெனி, ஒரே அளவு. என் கருத்து இதுதான்: 22 நிற்கட்டும், 21 ஓடட்டும். 21 ஏற்கெனவே மழையில் பாதியை இழந்து, பெரம்பூர் கையால் மறுபடி உருவான எஞ்சின். அது ஓடினால் பெரிதாக இழக்கப்போவது பெரம்பூர் செய்த பாகத்தைத்தான், அதைப் பெரம்பூரால் மறுபடி செய்ய முடியும். 22-ல் மிச்சம் இருக்கிற பழைய இரும்பை இனிமேலாவது தொடாமல் பத்திரமாக வைக்கட்டும்.

ஓடுவதென்றால் எது பழசு, எது புதுசு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1855-ல் ஏர் பிரேக் கிடையாது, எஞ்சினில் கைப் பிரேக், கார்டு பெட்டியில் ஒரு பிரேக், அவ்வளவுதான். இன்றைய பாதையில் இன்றைய பெட்டியை அப்படி இழுக்க விட மாட்டார்கள், விடவும் கூடாது. நடைமேடையில் நின்றபடியே பாய்லருக்குத் தண்ணீர் ஏறுகிறது என்றால் அதுவும் பிற்கால ஏற்பாடு. இதையெல்லாம் சொன்னால் எஞ்சினின் மதிப்பு குறைந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. எந்த நீராவி எஞ்சினும் தன் ஆயுளில் பாய்லர் குழாய், நெருப்புப் பெட்டித் தகடு, சக்கரத்தின் வெளி வளையம் எல்லாவற்றையும் பல தடவை மாற்றிக்கொண்டதுதான், லண்டன் - எடின்பரோ ஓடிய 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' உட்பட. அதை அந்த நாட்டு அருங்காட்சியகம் 2004-ல் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியபோது பொதுமக்களும் பணம் போட்டார்கள். பழுதுபார்க்கப் பத்து வருஷம் ஆனது, செலவு வாங்கிய விலையையே தாண்டியது, என்னென்ன மாற்றினோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், 2016-ல் அது திரும்ப ஓடியபோது பாதை நெடுகிலும் ஜனம் நின்றது.

இப்போது நான் கேட்பதைச் சொல்கிறேன். முதலில் கால அட்டவணை. எக்ஸ்பிரஸ் எப்போது ஓடும் என்பது அறிவிப்பு வருகிற அன்றுதான் தெரிகிறது, பள்ளிக்கூடம் ஒன்று பிள்ளைகளைக் கூட்டிப்போகத் திட்டமிடவே முடியாது. வருஷத்துக்கு இத்தனை தடவை, இந்த இந்தத் தேதிகளில் என்று ஜனவரியிலேயே அறிவியுங்கள். கோடம்பாக்கம் பாதையில் மின்சார ரயிலுக்கு நடுவே இடம் கிடைப்பது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும், 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டிக்கு மற்ற வண்டிகள் காத்திருக்க வேண்டும். ஆனால் நாகர்கோவில் - கன்னியாகுமரி பாதையிலும், எர்ணாகுளத்தில் துறைமுகப் பாதையிலும் இதே எஞ்சின் ஓடியிருக்கிறது. நெருக்கடி குறைந்த பாதைகளைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். சென்னைக்குள்ளேயே ஓட்டுவதென்றால் ராயபுரம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய கட்டடம், இந்தியாவில் மிச்சம் இருப்பவற்றில் மிகப் பழைய ஸ்டேஷன். அதைவிட ஒரு வயது மூத்த எஞ்சின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஜூலை 1-ம் தேதி ராயபுரத்தில் அதை நிறுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஓட்ட முடியாதா?

அடுத்தது பலகை. எஞ்சின் நிற்கிற இடத்திலும் அதன் பின்னால் போகிற பெட்டியிலும் தமிழில், நல்ல தமிழில், முழு விவரம் வேண்டும். கட்டியது யார், எந்தப் பாதை, ராணிகஞ்ச் கரி, 1857, 101 வருஷ நிறுத்தம், பெரம்பூரில் என்னென்ன புதிதாகச் செய்யப்பட்டது, செய்த பிரிவுகள் எவை என்று எல்லாமே. இதற்குப் பெரிய செலவு கிடையாது, மனசு வேண்டும்.

மூன்றாவது ஆட்கள். பாய்லருக்குக் குளிர்ந்த நிலையிலிருந்து நிதானமாகச் சூடேற்றுவது ஒரு ராத்திரி வேலை, அவசரப்பட்டால் தகடு ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் விரியாமல் கசிய ஆரம்பிக்கும். கரியை வாரிக் கொட்டாமல் நெருப்பு மேல் மெல்லிசாகப் பரப்பத் தெரிய வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்கள் பலரும் பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆனால் தமிழ்நாட்டில் நிலைமை மற்ற இடங்களைவிட நல்லது. திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பில் நீலகிரி மலை ரயிலுக்கு 2011-லிருந்து புத்தம் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டியிருக்கிறார்கள், 2021-ல் நிலக்கரியில் ஓடுகிற ஒன்றும் வந்தது. குன்னூர் ஷெட்டில் இன்றைக்கும் தினசரி நீராவி ஏற்றுகிறார்கள். பெரம்பூர், பொன்மலை, குன்னூர் மூன்றையும் சேர்த்து, ஐ.டி.ஐ. முடித்த பையன்களையும் பெண்களையும் வருஷத்துக்குச் சிலராவது எடுத்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தால் 21 இன்னும் ஐம்பது வருஷம் ஓடும். ஓய்வு பெற்ற நீராவி டிரைவர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள், சம்பளம் கேட்காமல் வருவார்கள், எங்கள் தெருவிலேயே அப்படிப்பட்டவர்கள் உண்டு.

உங்கள் பேப்பரிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை எக்ஸ்பிரஸ் ஓடும்போது புகைப்படக்காரரோடு ஒரு நிருபரையும் அனுப்புங்கள், முந்தின நாள் ராத்திரியே. நெருப்பு மூட்டுகிற நேரத்திலிருந்து கூடவே இருக்கட்டும். ஃபயர்மேனிடமும் பாய்லர் பார்ப்பவரிடமும் பேசி அவர்கள் சொல்வதை எழுதட்டும். பெட்டியில் ஏறுகிற தலைவர்கள் பேச்சுக்கு அரைப் பத்தி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை.